பொட்டு வைத்த ஆடு

அத்தியாயம் 6

பத்தாங் காலி ஊர்ப் பல் மருத்துவமனையின் பெயர்ப்பலகையில் இருந்த பல்லுக்கும் பொட்டு இருந்தது.

நான் காரை ஓரங்கட்டிவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். வெள்ளை வெளேரென்று ஒரு கடைவாய்ப் பல். அதற்குக் கண் இருந்தது, சிரிப்பு இருந்தது, கையில் பிரஷ் இருந்தது. கண்ணுக்கு மேலே, சரியாக நடுவில், சிவப்பாக ஒரு பொட்டு.

"அக்கா, நேத்து பூரா ஆட்டையே பாத்துப் பாத்து எனக்கு எல்லாத்துலயும் பொட்டு தெரியுது. என்னைய வீட்டுல விட்டுருங்க" என்றேன்.

"எனக்கும்தான் தெரியுது. எறங்கு பவா."

லோகா அக்கா என்று நான் கூப்பிடும் லோகேஸ்வரிக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து பொய் விபத்துகளைப் பிடித்தவர். இப்போது ரவாங்கில் கைப்பேசிக் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் பவனேஷ், அவருடைய உதவியாளன். அதற்கு முன் ஆறு வருடம் வீடு விற்கும் ஏஜெண்டாக இருந்தேன். ஆறு வருடத்தில் ஒரு வீடுகூட விற்கவில்லை என்பதால் பொறுமைக்குப் பேர்போனவன் என்று சொல்லி அக்கா என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

எங்கள் கையில் இருந்தது ஆட்டு வழக்கு.

அமராவதி அக்கா பத்தாங் காலியில் தன் வீட்டின் பின்பக்கத்தில் ஒன்பது பெண்களை வைத்துக்கொண்டு 'ஆடு சாப்' மட்டன் மசாலா அரைத்து விற்கிறார். 2014இல் ஆரம்பித்தது. சாப் என்று இங்கே சொல்கிற முத்திரை, பொட்டலத்தின் மேல் இருக்கும் ஆடு. அது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வாய் நிறையச் சிரிக்கும். உள்ளே இருக்கும் தூள் எதற்கு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நெற்றியில் வட்டமாகச் சிவப்புப் பொட்டு.

மூன்று வாரத்துக்கு முன் புஞ்சாக் ஆலாமிலிருந்து ஒரு வக்கீல் கடிதம் வந்தது. 'ராஜகம்பீரம் ஃபூட்ஸ்' என்ற கம்பெனி அந்த ஆடு தன்னுடையது என்றது. 2012 முதல் தாங்கள்தான் அதைப் பயன்படுத்துவதாகவும், வணிகச் சின்னமாகப் பதியச் சொல்லி மனுப் போட்டாயிற்று என்றும், அமராவதி உடனே ஆட்டை நிறுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். சாட்சிக்கு ஒரு 2012ஆம் வருடத்துக் காலண்டரின் படம். அதிலும் அதே ஆடு, அதே நாற்காலி, அதே பொட்டு. கடிதத்தைக் கண்டதும் மினி மார்க்கெட்டுகள் அமராவதியின் பொட்டலத்தைத் தட்டிலிருந்து இறக்கிவிட்டு ராஜகம்பீரத்தை ஏற்றிவிட்டன. எதிர்ப்பு மனு கொடுக்க நாளைதான் கடைசி நாள். அதற்குள் நிரூபிக்காவிட்டால் ஆடு அவர்களுக்கு, ஒன்பது பெண்களும் வீட்டுக்கு.

"ஏன்க்கா பதியாம விட்டீங்க?" என்று நேற்று அமராவதி அக்காவைக் கேட்டேன்.

"கம்பெனி பேரைப் பதிஞ்சேன் தம்பி. அதோட ஆடும் சேந்து பதிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் ஓர் அம்மா சட்டியோடு வந்து நின்றார். பெயர் மோகனா. மகளுக்கு நிச்சயதார்த்தம், நாற்பது பேருக்கு மட்டன், ஆடு சாப் மசாலாதான் போட்டாராம். சட்டியைத் திறந்து காட்டினார். கறி, அரிசிக் கஞ்சி நிறத்தில் இருந்தது.

"சம்பந்தி வீட்டுல தொட்டுக்கூட பாக்கல. இத்தனை வருசமா ஒன்னைய நம்பித்தான் வாங்குறேன். இப்பிடியா பண்ணுவ?"

அமராவதி அவர் கையிலிருந்த காலிப் பொட்டலத்தை வாங்கிப் பின்பக்கம் பார்த்தார். ராஜகம்பீரம் என்று எறும்பளவு சிறிதாக அச்சடித்திருந்தது. ஆனால் சண்டை போடவில்லை. உள்ளே போய் தன்னுடைய இரண்டு பொட்டலத்தைக் கொண்டுவந்து மோகனாவின் கையில் வைத்தார். அந்த அம்மா போன பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"செஞ்சது அவன். வாசல்ல நின்னு ஏச்சு வாங்குறது நானு" என்றார்.

லோகா அக்கா பொட்டைப் பற்றிக் கேட்டார். ஆட்டை வரைந்தபோது தான் பொட்டு வைக்கவேயில்லை என்றார் அமராவதி.

"எங்க வீட்டுக்காரர் போயி ரெண்டாவது வருசம் இருக்கும். அச்சடிச்சு வந்த பொட்டலத்தப் பிரிச்சா ஆடு பொட்டோட உக்காந்திருக்கு. எனக்கு பதிலா அது வச்சிக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் நெற்றியில் ஒன்றும் இல்லை. கணவர் 2016இல் இறந்துவிட்டார். அப்படியானால் பொட்டு பிறந்தது 2018 வாக்கில். 2012 காலண்டரில் அது இருக்க வழியே இல்லை. ஆனால் அமராவதியின் ஞாபகத்தைத் தவிர அதற்குச் சாட்சி கிடையாது. அந்தப் பொட்டை யார் வைத்தது, எப்போது வைத்தது என்று கண்டுபிடிப்பதுதான் இன்றைய வேலை. அமராவதியின் அச்சகத்துக்குப் போகும் வழியில்தான் அந்தப் பல் கண்ணில் பட்டது.

பெயர்ப்பலகையைப் பற்றி ஆரம்பித்ததும் பல் டாக்டர் சத்தியசீலன் ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து மேசையில் வைத்தார். அதிலும் பொட்டு வைத்த பல்.

"இதப் பத்தித்தான? மொதல்ல நீங்க சொல்லுங்க, ஒங்களுக்கு இது என்னாவா தெரியுது?"

"சொத்தை" என்றேன்.

டாக்டரின் முகம் வாடிவிட்டது. "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. பல்லு டாக்டரோட பல்லே சொத்தைன்னா எவன் வருவான்? அச்சாபீஸ்ல போயி கேட்டேன். அதுக்குத் தனி சார்ஜ் இல்ல டாக்டர்னு சொல்லி அனுப்பிட்டாரு."

"எந்த அச்சாபீஸ்? எப்ப அடிச்சது?"

"சேது அச்சகம். 2019ல கிளினிக் தொறந்தப்ப. நான் ஒருத்தன் இல்ல, டயர் கடைப் புலியையும் போயி பாருங்க."

அமராவதி பொட்டலம் அடிப்பதும் அதே சேது அச்சகத்தில்தான். லோகா அக்கா கார்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் வேகமாக நடந்தால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு மூச்சு வாங்கியது.

டயர் கடைக்காரர் லிம், கெர்லிங் பக்கம் எஸ்டேட்டுப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், கெட்ட வார்த்தை உட்பட. அவர் பலகையில் டயருக்கு நடுவே ஒரு புலி கர்ஜித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் கோடு கோடாகப் பட்டை, அதற்கு நடுவில் பொட்டு. காவடி தூக்கக் கிளம்பிய புலி மாதிரி இருந்தது.

"யாரு வச்சாங்கன்னு கேக்காத லா. வந்ததுலேருந்து பிஸ்னஸ் ஓங், அதிர்ஷ்டம் கொட்டுது. அழிக்கச் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் லிம்.

"அழிக்கச் சொல்லல தவுக்கே. பழைய பில் புத்தகம் ஏதும் வச்சிருக்கீங்களா?" என்று கடை முதலாளியை மரியாதையாகக் கேட்டார் அக்கா.

லிம் எதையும் தூக்கிப்போடாத ரகம். பின்னாலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வந்தார். லோகா அக்கா இரண்டு பில்களைப் பிய்த்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதலாவதில் அடியில் ஜி.எஸ்.டி. வரிக்கு ஒரு கட்டம் இருந்தது, புலி வெறும் நெற்றியோடு இருந்தது. இரண்டாவதில் அந்தக் கட்டம் இல்லை, புலிக்குப் பொட்டு இருந்தது.

"2018ல இங்க ஜி.எஸ்.டி.யத் தூக்குனப்ப எல்லாக் கடையும் பில்லு மாத்தி அடிச்சாங்க" என்றார் அக்கா. "நீங்க எப்ப அடிச்சீங்க?"

"அந்த வருசம் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்ன. நல்லா ஞாபகம் இருக்கு. சேது அவசரப்பட்டுக்கிட்டு இருந்தாரு, அவர் ஆளு ஒருத்தன் லீவு கேட்டு நின்னான்."

வெளியே வந்ததும் அக்கா என்னைப் பார்த்தார். "தீபாவளிக்கு மொத என்னா வரும் பவா?"

"மாமியார் வீட்டு போன்."

"அதுக்கும் மொத."

"சம்பள அட்வான்ஸ்."

"நீ கடைசி வரைக்கும் வீடு விக்காதது எனக்கு ஆச்சரியமே இல்ல. ஆயுத பூஜை வரும்."

சேது அச்சகத்துக்குள் நுழைந்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம். பிரிண்டருக்கு, காகிதம் வெட்டும் இயந்திரத்துக்கு, மின்விசிறிக்கு, கால்குலேட்டருக்கு. ஸ்டேப்ளருக்குக்கூட அதன் அளவுக்குத் தக்க ஒரு சின்னப் பொட்டு. மேசைக்குப் பின்னால் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்த சேதுவையும் சேர்த்தால் அந்தக் கடையில் வெறும் நெற்றியோடு இருந்தவன் நான் ஒருவன்தான்.

"ஸ்கேனரத் தொறந்து காட்டுறீங்களாண்ணே?" என்று கேட்டார் லோகா அக்கா.

சேது மூடியைத் தூக்கினார். கண்ணாடியின் மேல்பக்கம், நடுவில், காய்ந்து கெட்டியாக ஒரு குங்குமப் பொட்டு.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். எந்தப் படத்தை அதன் மேல் கவிழ்த்தாலும் நெற்றியில் பொட்டு விழும். ஆடு, புலி, பல் எல்லாவற்றுக்கும் இங்கேதான் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

"ஏண்ணே, இத ஒரு ஈரத்துணி வச்சுத் தொடைச்சா என்னா?" என்றேன்.

சேது என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ கோவிலுக்குள் செருப்போடு நுழைந்தவன் ஆகிவிட்டேன். "பூஜையில வச்ச பொட்ட யாராச்சும் தொடைப்பாங்களா தம்பி? 2021 வெள்ளத்துல கீழ இருந்தது பூரா போச்சு. ஆர்டர் ஃபைலு, அமராவதி கையால வரைஞ்சு குடுத்த ஆட்டுத் தாளு, பழைய ஸ்கேனரு எல்லாம். தப்பிச்சது இது ஒன்னுதான். எதனாலன்னு நெனைக்கிற?"

"மேசை மேல இருந்ததால."

"பொட்டு வச்சதால லா."

"இது புதுசா வாங்கினப்ப வச்ச பொட்டா?" என்று அக்கா இடையில் புகுந்தார்.

"ஆமா தங்கச்சி. 2018ல வாங்குனது. அந்த வருசப் பூஜைக்கு எங்கிட்ட வேலை பாத்த பையன்தான் எல்லாத்துக்கும் வச்சான். மொகத்துல வைடான்னு சொல்லிட்டு நான் தேங்கா ஒடைக்கப் போயிட்டேன். இவன் மூடியத் தொறந்து உள்ள கண்ணாடியில வச்சுட்டான். அதுக்கப்புறம்தான் பழைய படத்தையெல்லாம் இதுல மறுபடி எடுத்தோம். நல்ல பய. அடுத்த மாசமே வேற வேலைன்னு போயிட்டான்."

"படம் ஏதும் எடுத்தீங்களா?"

"எடுத்து அன்னைக்கே ஃபேஸ்புக்ல போட்டேன். நாப்பத்தொரு லைக்கு." சேது கைப்பேசியைத் தேய்த்துத் தேய்த்து ஏழு வருடம் பின்னால் போனார். "இந்தா. இவன்தான். இவன் பேரு வந்து..."

"பேரு வேணாம்ணே. முகம் போதும்" என்றார் லோகா அக்கா. படத்தைத் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, எனக்குக் காட்டாமல் பையில் போட்டு மூடினார்.

துப்பறியும் தொழிலில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் இதுதான். பெட்ரோல் என்னுடையது, கார் என்னுடையது, ஆனால் முக்கியமான படம் மட்டும் அக்காவின் பையில் இருக்கும்.

ரவாங் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் நான் வாயைத் திறந்தேன். "ஒன்னு கேக்குறேன், கோவிக்காதீங்க. ஒரு ஆட்டுப் படத்துக்கா இவ்வளவு? அமராவதி அக்கா வேற ஆடு வரைஞ்சுக்கலாமே. ஒட்டகம் வரையலாம். மசாலா மசாலாதான?"

"நீ கடையில மசாலாப் பொட்டலத்தப் பிரிச்சு நக்கிப் பாத்துட்டா வாங்குற?"

"ஒரு தடவ செஞ்சேன். வெளிய அனுப்பிட்டாங்க."

"உள்ள இருக்கிறது ஒனக்குத் தெரியாது. அந்த ஆட்டு மொகத்தப் பாத்து எடுக்குற. பதினோரு வருசமா அந்த மொகம் ஒன்னைய ஏமாத்தல. அத இன்னொருத்தன் எடுத்து மாட்டிக்கிட்டா, அவன் போடுற அரிசி மாவுக்கெல்லாம் அமராக்கா பதில் சொல்லணும். நேத்து மோகனா சட்டியோட யார் வாசலுக்கு வந்தாங்க?"

அந்தக் கஞ்சி நிறக் கறி கண் முன்னால் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபமாகவே இருந்தது. என் திருமணத்துக்கும் ஆடு சாப்தான்.

புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழக மாணவர்கள் சாப்பிடும் கடை வரிசை ஒன்றின் முடிவில் இருந்தது ராஜகம்பீரம் ஃபூட்ஸ். வாசலில் எங்களை வரவேற்றது ஓர் ஆடு. ஃபைபரில் செய்த, என் உயரத்துக்கு இருந்த ஆடு. தங்க வண்ணச் சிம்மாசனத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. நெற்றியில் பொட்டுக்குப் பதில் சிவப்பு விளக்கு. அது மூன்று விநாடிக்கு ஒரு தடவை மின்னியது.

"ஆம்புலன்ஸ் ஆடு" என்று முணுமுணுத்தேன். அக்கா என் காலை மிதித்தார்.

நிர்வாக இயக்குநர் ரவீந்திரன் முப்பத்தைந்து வயதுக்காரர். கோட்டுப் போட்டிருந்தார், அறையில் ஏர்கோன் போடவில்லை. சுவரில் அந்த 2012 காலண்டரைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, அதற்கு மாலையும் போட்டிருந்தார்.

"அமராவதியம்மா சார்பா சமாதானம் பேச வந்திருக்கீங்க. நல்லது" என்றார். "நான் பெருந்தன்மையான ஆளு. பொட்டலத்த எல்லாம் அழிச்சிட்டா கேஸு கீஸு போட மாட்டேன்."

"அதுக்கு முன்ன ஆட்டப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சிக்கலாம்னு" என்றார் அக்கா, மிகவும் பணிவாக. "ஏன் சார் அது உக்காந்திருக்கு?"

ரவீந்திரன் சாய்ந்துகொண்டார். "தலைமைத்துவம். மத்த ஆடெல்லாம் நிக்கும், மேயும். நம்ம ஆடு அமர்ந்து ஆளும். 2012ல எனக்கு தியானத்துல தோணுச்சு."

நேற்று அமராவதி அக்கா சொன்னது என் காதில் ஓடியது. 'ஆட்டுக்குக் காலு வரைய வரல தம்பி. நாலு காலும் நாலு தெசைக்குப் போச்சு. அதான் நாற்காலில உக்கார வச்சு மறைச்சுட்டேன்.' சிரிப்பை அடக்க நான் இருமவேண்டியதாயிற்று.

"நெத்தியில இருக்கிற பொட்டு சார்?"

"அது பொட்டு இல்லம்மா. மூணாவது கண். வாடிக்கையாளரோட தேவைய முன்கூட்டியே பாக்குது. மனுவுலயே தனியா எழுதியிருக்கேன், 'நெற்றியில் சிவப்பு வட்டம், இச்சின்னத்தின் தனித்துவ அடையாளம்'னு. 2012லேருந்து இருக்குன்னு சத்தியப் பிரமாணமும் குடுத்தாச்சு."

"கையெழுத்துப் போட்டு?"

"கையெழுத்துப் போட்டு."

லோகா அக்கா தலையாட்டிவிட்டு, பையிலிருந்து சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்ப ஆரம்பித்தார். முதலில் அமராவதியின் பொட்டலம். பக்கத்தில் டாக்டர் சத்தியசீலனின் கார்டு. அதற்குப் பக்கத்தில் லிம்மின் இரண்டு பில்கள். கடைசியாக, அச்சக வாசலில் கிடந்த ஒரு முடிதிருத்தும் கடை விளம்பரம். அதில் சிரித்த வழுக்கைத் தலைக்கும் பொட்டு இருந்தது.

"இந்தப் பல்லு ஒங்க மூணாவது கண்ணாலயா பாக்குது சார்?" என்று கேட்டார்.

ரவீந்திரன் பல்லைப் பார்த்தார். புலியைப் பார்த்தார். வழுக்கையைப் பார்த்தார். வாசல் பக்கம் ஆட்டின் விளக்கு மூன்று தடவை மின்னி முடிந்தது.

"இது எல்லாமே பத்தாங் காலியில ஒரே அச்சகத்துல அடிச்சது. அங்க ஸ்கேனர் கண்ணாடியில ஒரு குங்குமப் பொட்டு ஒட்டியிருக்கு. 2018 ஆயுத பூஜைக்கு முன்ன அந்த ஊருல எந்தப் படத்துக்கும் பொட்டு கிடையாது. இந்தா, வரி போட்ட பில்லு, வெறும் புலி. வரி எடுத்த பில்லு, பொட்டுப் புலி. ஒங்க காலண்டரு மட்டும் ஆறு வருசம் முன்னாடியே பொட்டு வச்சிக்கிச்சு."

"அது..." ரவீந்திரன் தொண்டையைக் கனைத்தார். "அது வந்து, அந்த அச்சகத்துக்காரன் என் ஆட்டப் பாத்துக் காப்பியடிச்சிருப்பான். பொட்டையும் பாத்து, எல்லாத்துக்கும் போட்டிருப்பான். எனக்கு அந்த ஆளையே தெரியாது. பத்தாங் காலிப் பக்கம் நான் போனதே இல்ல."

ஆள் கெட்டிக்காரன்தான். சேது அமராவதிக்கு வேண்டியவர், அவர் சொல்வதை யார் நம்புவார்கள் என்று வக்கீல் கேட்டால் என்ன செய்வது? நாளை கடைசி நாள். ஒன்பது பெண்களில் இருவர் நேற்றே வேறு வேலை தேடலாமா என்று கேட்டிருந்தார்கள்.

"போனதே இல்லையா?" என்றார் அக்கா.

"இல்ல."

அக்கா கைப்பேசியை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். அப்போதுதான் நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன்.

சேது அச்சகம். கதவில் மாவிலை, தரையில் தேங்காய். மேலே தேதி, அக்டோபர் 2018. நடுவில் புது ஸ்கேனர், மூடி திறந்திருக்கிறது. அதற்கு முன்னால் வேட்டி கட்டிய ஒருவன், இடது கையில் குங்குமக் கிண்ணம். வலது கை மோதிர விரலைக் கண்ணாடியில் பதித்தபடி காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறான். கோட்டு இல்லை, தொப்பையும் இல்லை. மற்றபடி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அதே முகம். ராஜகம்பீரத்தின் இணையப் பக்கத்தில் பார்த்திருந்த அந்த முகத்தை அக்கா அச்சகத்திலேயே அடையாளம் கண்டிருக்கிறார்.

ரவீந்திரன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். குரலில் இருந்த நிர்வாக இயக்குநர் போய்விட்டார்.

"மொகத்துல வைடான்னுதான்க்கா சொன்னாரு. ஸ்கேனருக்கு எது மொகம்? கண்ணாடிதான மொகம்?"

"எனக்கும் அப்பிடித்தான் தோணுது" என்றார் லோகா அக்கா. "வேலைய விட்டுப் போறப்ப ஆட்டு ஃபைலையும் எடுத்துட்டுப் போயிட்டீங்க. அதுல இருந்த பொட்டு அமராக்கா வச்சதுன்னு நெனச்சீங்க."

"டிசைன்னு நெனச்சேன்க்கா. நல்லா இருந்துச்சு."

இருக்கும். தன் விரலால் வைத்தது ஆயிற்றே. ஊரெல்லாம் ஆட்டைத் தன்னுடையது என்று சொல்லித் திரிந்தவருக்கு அதில் நிஜமாகவே தன்னுடையது எது என்று மட்டும் தெரியவில்லை. எனக்கு ஒரு நொடி பாவமாகக்கூட இருந்தது. மோகனாவின் சட்டியை நினைத்ததும் அது போய்விட்டது.

மூன்று மணிக்குள் மூன்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதிவு மனுவை வாபஸ் வாங்குவதாக ஒன்று, மினி மார்க்கெட்டுகளுக்கு ஒன்று, அமராவதியிடம் மன்னிப்புக் கேட்டு ஒன்று. நாங்கள் வெளியே வரும்போது வரவேற்பில் இருந்த பெண் விசையைத் தட்ட, ஆட்டின் மூன்றாவது கண் அணைந்தது.

ஐந்து மணிக்கு எல்லோரும் சேது அச்சகத்தில் இருந்தோம். வாபஸ் கடிதம் கையில் இருந்தாலும் எதிர்ப்பு மனுவையும் அனுப்பிவைப்போம், இன்றைக்கே அமராவதியின் பெயரில் ஆட்டைப் பதியவும் மனுப் போட்டுவிடலாம் என்று அக்கா சொல்லிவிட்டார். ஆட்களின் மனது நாளைக்கு மாறலாம், மனு மாறாது என்பது அவர் இன்சூரன்ஸில் கற்றது.

"ஒரு முடிவு சொல்லணும் அமராக்கா" என்றார். "பதியிறப்ப எந்த ஆடு? நீங்க வரைஞ்ச மாதிரி வெறும் நெத்தியா, இல்ல பொட்டோடயா? பொட்டு நீங்க வச்சது இல்ல, வேணாம்னா எடுத்துரலாம்."

அமராவதி பொட்டலத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். யோசிக்கட்டும் என்று சேது மற்றத் தாள்களை ஸ்கேன் செய்ய ஆரம்பித்தார். கடைசியாக அமராவதியின் அடையாள அட்டையை வாங்கி, கண்ணாடியின் மேல்பக்கம் நடுவில் கவிழ்த்து வைத்தார். விளக்கு ஓடி முடிந்தது. திரையில் அட்டை பெரிதாக வந்தது.

படத்தில் அமராவதி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் இறந்த பிறகு எடுத்த படம், முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் நெற்றியில், அளந்து வைத்த மாதிரி, சிவப்பாக ஒரு பொட்டு.

சேதுவுக்கு முகம் வெளிறிவிட்டது. ஏழு வருடமாக யார் சொல்லியும் கேட்காதவர், மேசை டிராயரைத் திறந்து ஒரு துணியை எடுத்தார். தண்ணீர் பாட்டிலைத் தேடினார். "தங்கச்சி, மன்னிச்சிக்கம்மா. தெரியாம... இரு, தொடைச்சிட்டு இன்னொன்னு எடுக்குறேன்."

அமராவதி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். தன் முகத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்து ரொம்ப நாளாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கை தானாக நெற்றிக்குப் போய், தொடாமல் கீழே இறங்கியது.

"ஒன்பது வருசமா எனக்கு யாரும் வைக்கலண்ணே. நானும் வச்சிக்கல. இது வச்சிருக்கு" என்றார்.

சேது தேடிக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலை நான் மேசைக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

"இருக்கட்டும். ஆட்டுக்கும் இருக்கட்டும்" என்றார் அமராவதி. "ரெண்டு பேரையும் இப்பிடியே அனுப்புங்க."

லோகா அக்கா மனுவைத் தன் பக்கம் இழுத்து, சின்னத்தை விவரிக்கச் சொல்லும் கட்டத்தில் எழுத ஆரம்பித்தார். சேது துணியை நாலாக மடித்து மறுபடியும் டிராயருக்குள் வைத்து மூடினார்.